மலைப்பாதையில் விளக்கும் இருளும்



அறநெஞ்சம் உடைய சிராவக, சிராவகியர்களே! நம்மவர் வாழும் ஊர் ஒன்றில் சிறு குன்றின் உச்சியில் திருப்பாதச் சுவடுகளும், சரிவில் பழைய கற்படுக்கைகளும், பாறை முகத்தில் தீர்த்தங்கரர் திருவுருவங்களும் உள்ளன. ஊர்ப்பெயர் இங்கு வேண்டா. அடிவாரத்திலிருந்து உச்சி வரை செல்லும் படிவழியின் இருமருங்கும் வண்ண விளக்குகள் அமைக்கவும், பாறைத் திருவுருவங்களின்மீது கீழிருந்து மேல்நோக்கி இரவு முழுதும் ஒளி பாய்ச்சவும், பெருநகரங்களிலும் வெளிநாடுகளிலும் பணிபுரியும் அவ்வூர் இளைஞர் சிலர் பொருள் திரட்டியுள்ளனர். விளக்குகள் யாவும் சூரிய ஒளியால் மின்னேற்றம் பெறுவன. ஒளிக்கலை வல்லுநரைக் கொண்டு அழகுற அமைக்கப்பெறுவன. நடைப்பயணமாக வருவோரைக் கவர்வன என்கின்றனர். மூத்தோருள் பலர் மறுக்கின்றனர், சிலர் மகிழ்கின்றனர். தீபாவளித் திருநாளுக்கு முன் முடிவு காண வேண்டும் என்ற நிலையில், அறம் யாது கூறும் என்று இரு திறத்தாரும் வினவியுள்ளனர். இவ்வினா ஓர் ஊருக்கு மட்டும் உரியதன்று. இன்று ஒரு குன்றில் நிகழ்வது நாளை பொன்னூர் மலையிலும் பிற மலைகளிலும் நிகழலாம். ஆதலின் யாவரும் சிந்திக்குமாறு இவண் எழுதுகின்றோம்.

முதற்கண் இருளைப் பற்றிய ஒரு தெளிவு வேண்டும். இருள் என்றால் தீமை, அறியாமை, அச்சம் என்று எண்ணியே நாம் பழகிவிட்டோம். 'அஞ்ஞான இருள்' என்றும் 'மித்தியாத்துவ இருள்' என்றும் நம் ஆசாரியர்களும் உவமையாக அருளியுள்ளனர். அவ்வுவமையில் பழுதில்லை. ஆனால் உவமையைப் பொருள் என்று கொள்ளுதல் பழுது. பாடம் சொல்லும் ஆசிரியை, 'சிங்கம் போன்ற வீரன்' என்றால், அவனுக்குப் பிடரிமயிர் உண்டா என்று மாணவன் கேட்கலாகாது அல்லவா?

ஒளியின் இன்மையே இருள், அது தனிப்பொருள் அன்று என்று நியாய வைசேடிக நூலார் கூறினர். நம் ஆகமம் அங்ஙனம் கூறவில்லை. உமாசுவாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தின் ஐந்தாம் அத்தியாயத்தில் புத்கலத்தின் பரியாயங்களை எண்ணுகிறார். ஒலி, பிணைப்பு, நுண்மை, பருமை, வடிவம், பிளவு ஆகியவற்றோடு இருள், நிழல், வெயில், தண்ணொளி ஆகிய நான்கினையும் அவ்வரிசையிலேயே வைக்கிறார். ஒளி எத்தகைய புத்கலப் பரியாயமோ அத்தகையதே இருளும். ஒன்று உயர்ந்தது, மற்றொன்று தாழ்ந்தது என்ற சொல் அங்கு இல்லை. வெம்மையுடைய கதிரொளியை 'ஆதபம்' என்றும், வெம்மையற்ற ஒளியை 'உத்யோதம்' என்றும் பிரித்து, உத்யோதத்திற்கு நிலவையும் மணியையும் மின்மினியையும் எடுத்துக்காட்டுவர் உரையாசிரியர். மின்மினியின் சிற்றொளியையும் தனித்து நோக்கி வகைப்படுத்திய கண்கள் எத்தகைய இருளில் அமர்ந்து நோக்கியிருக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்! 2022-ஆம் ஆண்டு ஆனைமலைப் புலிகள் காப்பகத்தில் எண்ணிறந்த மின்மினிகள் ஒருங்கே ஒளிர்ந்து அணைந்த காட்சியைச் செய்தித்தாள்களில் கண்டோம். ஆணும் பெண்ணும் ஒன்றையொன்று அறிய அவை விடுக்கும் குறியே அவ்வொளி. அருகே ஒரு பெருவிளக்கு எரியுமாயின் அக்குறி புலப்படாது, இணைசேர்தலும் தடைப்படும்.

அதே நூலின் நான்காம் அத்தியாயம் சோதிடத் தேவரை ஐவகையாகக் கூறுகிறது: கதிரவன், திங்கள், கோள்கள், நாள்மீன்கள், பரந்து கிடக்கும் பிற விண்மீன்கள். இவற்றின் இயக்கத்தாலேயே காலப் பகுப்பு அமைகிறது என்பது சூத்திரம். நம் நோன்புகளுக்கு வேண்டிய அட்டமி, சதுர்த்தசி எல்லாம் வானைப் பார்த்து அறிந்தவை. இன்று நம் இல்லத்துக் குழந்தைகளுக்குத் தேதித்தாளைக் கிழித்தால்தான் அமாவாசை தெரியும். 2016-ஆம் ஆண்டு வெளியான உலக வரைபடம் ஒன்று, உலக மக்களுள் நூற்றுக்கு எண்பதின்மருக்கு மேற்பட்டோர் செயற்கை ஒளியால் மாசுற்ற வானின்கீழ் வாழ்கின்றனர் என்றும், மூன்றில் ஒரு பங்கினருக்கு மேல் பால்வீதியைக் காண இயலாதவர் என்றும் காட்டியது. 2011 முதல் 2022 வரை வெறுங்கண்ணால் விண்மீன்களை நோக்கிய பல்லாயிரவர் குறிப்புகளை ஆராய்ந்தோர், வானின் செயற்கை வெளிச்சம் ஆண்டுக்கு 9.6 விழுக்காடு மிகுந்து வருவதாக 2023-இல் வெளியிட்டனர். அக்குறிப்புகள் பெரும்பாலும் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் திரட்டப்பட்டவை. எனினும் வந்தவாசியிலிருந்து சென்னைச் சாலையை இரவில் நோக்குவோர்க்கு வேறு சான்று தேவையில்லை. நம் மக்கள் மிகுந்து வாழும் திருவண்ணாமலைப் பகுதிக்கு அருகே சவ்வாது மலையில் காவலூர் வான்நோக்கு நிலையம் உள்ளது. 1986-ஆம் ஆண்டு முதல் 2.34 மீட்டர் விட்டமுள்ள பெருந்தொலைநோக்கி அங்கு இயங்கி வருகிறது. ஆய்வாளர் அம்மலையைத் தேர்ந்ததற்கு ஒரு காரணம் அதன் இருள். இரவின் அருமை நம் அண்டைவீட்டுச் செல்வமாகவே இருந்திருக்கிறது, நாம்தாம் அறிந்திலோம்.

இனி, மலைக்கு வருவோம். அக்குன்றுகளில் வாழ்ந்த முனிவர் எவ்வாறு நடந்தனர்? ஐந்து சமிதிகளுள் முதலாவது இரியா சமிதி. கதிரவன் ஒளியில், பிறர் நடந்து பழகிய வழியில், நான்கு முழத் தொலைவு முன்னே நோக்கி, உயிர்களுக்கு ஊறு நேராவண்ணம் அடி வைத்தல் அதன் இலக்கணம். கதிரவன் மறைந்தபின் முனிவர் வழிநடந்திலர். இரவில் அவர் இருந்த இடத்திலேயே இருந்தனர்; சாமாயிகத்திலும் காயோத்சர்க்கத்திலும் பொழுதைப் போக்கினர். சித்தன்னவாசலில் ஏழடிப்பட்டத்துக் கற்படுக்கைகளைக் கண்டிருப்பீர். ஒருபுறம் செங்குத்தான பாறை, மறுபுறம் குகை. பதினேழு படுக்கைகள். அங்குள்ள தமிழ்ப் பிராமி எழுத்து ஈராயிரம் ஆண்டுப் பழமை உடையது. விளக்கு வைக்க மாடம் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில் சந்திரநந்தி ஆசிரியர் ஐம்பத்தேழு நாள் உண்ணா நோன்பிருந்து உடல் துறந்த நிசீதிகையைக் கல்வெட்டு இன்றும் கூறி நிற்கிறது. அந்த ஐம்பத்தேழு நாளோடு ஐம்பத்தேழு இரவுகளும் இருந்தன. அவ்விரவுகளின் இருள் அம்முனிவரின் தவத்தில் ஒரு பகுதி. பாறையில் வெட்டிய படுக்கையைத் தொன்மைச் சின்னம் என்று காக்கின்றோம். அப்படுக்கையில் கிடந்தவர் கண்ட இரவும் அதே தொன்மையைச் சேர்ந்ததுதான். அதை மட்டும் ஏன் கைவிட வேண்டும்?

இம்மலைவழிகளில் இன்று நடைப்பயணம் செல்வோர் பெருகியிருப்பது மகிழ்ச்சிக்குரியது. மதுரைப் பகுதியில் 'பசுமை நடை' அன்பர்கள் சமயம் கடந்து நம் குன்றுகளைக் காத்துப் பேசினர். நம்மவர் நடத்தும் 'அகிம்சை நடை' பல ஊர்ப் பிள்ளைகளுக்குத் தம் முன்னோரின் இருப்பிடங்களைக் காட்டியிருக்கிறது. இவையெல்லாம் பகற்பொழுதின் நடைகள். அறிந்தோ அறியாமலோ முனிவர் மரபைத்தான் பின்பற்றுகின்றன.

இவ்வறவுரையின் நடுவான பகுதிக்கு வந்துள்ளோம். சற்று நின்று செல்வோம். ஐம்புலன்களின் கேட்டினைக் கூற நம் முன்னோர் ஐந்து உயிர்களைக் காட்டுவர். ஊற்றினால் யானை கெடும்; சுவையினால் மீன் கெடும்; நாற்றத்தால் வண்டு கெடும்; ஓசையினால் அசுணம் கெடும்; ஒளியினால் விட்டில் கெடும். வகுப்பறையில் எத்தனையோ முறை இதனைச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். விளக்கின் அழகில் மயங்கி விட்டில் தானே வந்து விழுகிறது என்பதே அதன் பொருளாகக் கொள்ளப்பட்டது.

2024-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் 'நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்' என்ற அறிவியல் இதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. மிக விரைந்து படம் பிடிக்கும் கருவிகளைக் கொண்டு, விளக்கைச் சுற்றும் பூச்சிகளின் பறத்தலை ஆய்வாளர் நுணுகி நோக்கினர். பூச்சிகள் விளக்கை நோக்கி நேரே பாயவில்லை. முதுகைத்தான் அதன் பக்கம் திருப்பின. காரணம் யாதெனில், எண்ணற்ற ஆண்டுகளாக இரவில் நிலத்தைவிட வானமே வெளிச்சமானது. வெளிச்சமுள்ள பக்கம் மேற்பக்கம்; அதற்கு முதுகு காட்டிப் பறந்தால் நேராகப் பறக்கலாம். இதுவே அவ்வுயிர்களுக்கு இயற்கை தந்த தராசு. இடையில் மனிதன் ஒரு விளக்கை வைத்துவிட்டால் அத்தராசு பொய்க்கிறது. எது மேல், எது கீழ் என்று அறியாது, முதுகைச் சாய்த்துச் சாய்த்து அவை விளக்கையே வட்டமிடுகின்றன. மேல்நோக்கி ஒளி வீசும் விளக்கின்மேலே பறக்க நேரின், தலைகீழாகக் கவிழ்ந்து நிலத்தில் மோதுகின்றன. எல்லா இனமும் இவ்வாறு தடுமாறுவதில்லை என்றும் அவ்வாய்வு குறிக்கிறது. ஆயினும் தடுமாறுவனவே மிகுதி.

அன்பர்களே, விட்டிலின்மேல் நாம் சுமத்திய பழியை நினைத்துப் பாருங்கள். ஆசையால் கெட்டது என்றோம். அது திசை கெட்டுத் தவிக்கிறது. வழிதவறிய குழந்தை ஒன்று நம் வாசலில் நின்று அழ, விருந்துக்கு வந்தது என்று எண்ணியதை ஒக்கும் இது. இதனால் முன்னோர் கூறிய எடுத்துக்காட்டு பொய்த்துவிட்டது என்று கூறோம். அது நமக்குச் சொன்ன அறிவுரை. நம் கண்ணின் ஆசையை அடக்கக் கூறியது. அந்த அளவில் இன்றும் செல்லும். ஆனால் உயிரிழக்கும் அந்நாலறிவுயிரின் கணக்கில் வினையை எழுதிவிட்டு, விளக்கேற்றியவர் கைகழுவிப் போக முடியாது என்பதுதான் புதிதாகத் தெரிய வந்தது.

புதிது என்றும் சொல்வதற்கில்லை. இரவு உண்ணாமை பற்றி அமிர்தசந்திர ஆசாரியர் புருஷார்த்த சித்தியுபாயத்தில் கூறுமிடத்தை நோக்குக. 'விளக்கொளியில் உண்டால் உயிர்கள் கண்ணுக்குத் தெரியுமே, அப்போதும் குற்றமா?' என்று வினவுவார்க்கு, விளக்கு இருப்பினும் உணவில் வந்து வீழும் நுண்ணுயிர்களின் கொலையை எங்ஙனம் தவிர்ப்பீர் என்று அவர் விடையிறுக்கிறார். விளக்கு உயிர்களைக் காட்டித்தரும் கருவியாக மட்டும் நில்லாது. உண்ணுதலுக்கு இது குற்றம் என்றால், வெறுங்காட்சிக்கு ஏற்றும் நூறு விளக்குகளுக்கு எவ்வளவு?

இல்லறத்தார் விளக்கே ஏற்றலாகாதா என்று கேட்பீர். அவ்வாறு யார் கூறினார்? கொலை நான்கு வகைப்படும். கருதிச் செய்வது சங்கற்பி. அடுப்பு, விளக்கு, துடைப்பம் முதலிய இல்லற வினைகளில் நேர்வது ஆரம்பி. தொழிலில் நேர்வது உத்தியோகி. பகைவரைத் தடுக்கையில் நேர்வது விரோதி. சங்கற்பியை முற்றும் நீக்குதலும், ஏனைய மூன்றையும் இயன்றவரை குறைத்தலும் சிராவகர் கடன். பிள்ளை படிக்கவும், நோயாளியைப் பேணவும், வாயிற்படியில் தடுக்கி விழாதிருக்கவும் ஏற்றும் விளக்கு ஆரம்பியில் அடங்கும். மலைப்பாறைமீது வண்ணம் மாறி மாறி வீசும் ஒளி எதில் அடங்கும்? அதற்கும் நம் நூல்களில் பெயர் உண்டு. குணவிரதங்களுள் ஒன்றான அனர்த்த தண்ட விரதத்தைக் கூறும் சமந்தபத்திர ஆசாரியர், பயனின்றிச் செய்யும் தீங்குகளுள் 'பிரமாத சரியை' என்ற ஒன்றை வைக்கிறார். பயனின்றி நிலத்தை அகழ்தல், நீரை இறைத்தல், தீ மூட்டுதல், காற்றை எழுப்புதல், செடிகொடிகளை வெட்டுதல் ஆகியன அதில் அடங்கும். இரத்தினகரண்டகத்தைத் தழுவிய நம் அருங்கலச்செப்பும் இவ்விரதத்தைக் கூறுவதை அறிவீர்கள். மின்விளக்கின் ஒளி உயிருள்ள தேயுவா, உயிரற்றதா என்று வடநாட்டுச் சுவேதாம்பர சங்கங்களில் நெடிய வாதம் நிகழ்ந்ததுண்டு. அவ்வாதத்தில் நாம் புக வேண்டியதில்லை. விளக்கின் உள்ளே உயிர் இருப்பினும் இல்லாவிடினும், வெளியே மடிந்து கிடப்பவை உயிர்கள்தாம்.

காலத்தையும் கருதுக. நம் நாட்டில் தீபாவளி வருவது ஐப்பசி மழைக்காலம். மழை விட்ட மாலையில் ஈசல் புறப்படும். தெருவிளக்கின் அடியில் விடியற்காலையில் சிறகுகள் குவிந்து கிடக்க, துடைப்பத்தால் கூட்டி அள்ளுவதை யார் காணவில்லை? உயிர்கள் பல்கும் மழைக்காலத்தில் ஓரிடத்தில் தங்க வேண்டும் என்று முனிவர்க்குச் சாதுர்மாசியம் விதித்த சமயம் நம்முடையது. அம்மழைக்காலத்திலேயே நாம் மலை முழுதும் விளக்கேற்றுவோம் என்பது பொருந்துமா? விட்டிலோடு நிற்பதும் இல்லை. இரவில் மலரும் வெண்மலர்கள் பலவற்றிற்கு மகரந்தம் சுமப்பவை அந்துப்பூச்சிகள். அவற்றை உண்டு வாழ்பவை சிறு வௌவால்கள். அவை உறைவனவும் நம் முனிவர் உறைந்த அதே குகைகள். மதுரையை அடுத்த அரிட்டாபட்டியை 2022-ஆம் ஆண்டு தமிழக அரசு பல்லுயிர் மரபுத் தலமாக அறிவித்தது. தமிழகத்தில் அவ்வாறு அறிவிக்கப்பெற்ற முதல் இடம் அது. கற்படுக்கையும் தமிழ்ப் பிராமி எழுத்தும் தீர்த்தங்கரர் திருவுருவமும் உள்ள குன்று, பறவைகளுக்கும் விலங்குகளுக்கும் புகலிடமாக இருப்பது தற்செயல் ஆகாது. ஊறு செய்யாதார் வாழ்ந்த இடத்தில் உயிர்கள் தங்கின.

இளைஞர் தரப்பையும் கேட்க வேண்டும். அவருள் ஒருவர் நம்மிடம், "டீச்சரம்மா, சூரிய ஒளியில் எரியும் விளக்குதானே? நிலக்கரி எரிப்பதில்லை, புகை இல்லை. இதில் என்ன பாவம்?" என்று கேட்டார். நல்ல வினா. நெய்வேலியில் நிலத்தைத் தோண்டி எடுக்கும் பழுப்பு நிலக்கரியைவிடக் கதிரவன் தரும் மின்னாற்றல் தீங்கு குறைந்தது என்பதில் ஐயமில்லை. வீட்டு விளக்கையும் நீரேற்றும் மோட்டாரையும் அவ்வாற்றலால் இயக்குவோரைப் பாராட்டுகின்றோம். ஆனால் விளக்கின் முன்னே தடுமாறும் பூச்சிக்கு மின்சாரம் எங்கிருந்து வந்தது என்பது தெரியாது. இன்னும் ஒன்று. அகல்விளக்கில் எண்ணெய் ஊற்ற வேண்டும். எண்ணெய்க்குக் காசு வேண்டும். காசைப் பார்த்துக் கை தானே சுருங்கும். எல்.இ.டி. விளக்கு சிறிதளவு மின்சாரத்தில் எரிகிறது. கதிரவனோ கட்டணம் கேட்பதில்லை. செலவு குறையக் குறைய விளக்குகளின் எண்ணிக்கை ஏறுகிறது. பத்து விளக்கு இருந்த இடத்தில் நூறு. பரிக்கிரக பரிமாண விரதம் என்பது காசில்லாதவனுக்குச் சொன்னதன்று. கிடைப்பதை அளவிட்டு நிறுத்தத் தெரிந்தவனுக்குச் சொன்னது.

ஒளிக்கலையே வேண்டா என்பாரோடும் நமக்கு உடன்பாடில்லை. நெதர்லாந்து நாட்டில் நூனென் என்ற சிற்றூரில் ஓவியர் வின்சென்ட் வான் கோ 1883 முதல் 1885 வரை வாழ்ந்தார். அவர் நினைவாக அமைந்த மிதிவண்டிப் பாதையில் 2014-ஆம் ஆண்டு டான் ரோசகார்டே என்ற கலைஞர் ஓர் ஒளியமைப்பைச் செய்தார். பகலில் ஒளியை உண்டு இரவில் மெல்ல உமிழும் சிறு கற்களைப் பாதையிலேயே பதித்து, விண்மீன்கள் சுழல்வது போன்ற கோலம் வரைந்தார். கம்பம் இல்லை, கண்ணைக் கூசும் விளக்கும் இல்லை. காலடியில் மட்டும் ஒரு தண்ணொளி. உத்யோதம் என்று நாம் சொன்னோமே, அதனை ஒத்தது. மேலே வானில் மங்கிப்போன விண்மீன்களைக் கீழே தரையில் வரைய வேண்டி வந்ததே என்ற வருத்தமும் நமக்குத் தோன்றாமல் இல்லை. ஆயினும் கலைஞன் விரும்பினால் ஒளியைத் தரையோடு தாழ்த்தி வைக்கக் கூடும் என்பதற்கு அது சான்று. நம் இளைஞர் கலையை விரும்புவது குற்றமன்று. அவர் முன்னோர் சித்தன்னவாசலில் தாமரைப் பொய்கை தீட்டியவர்கள். அவ்வோவியங்களும் பெரும்பகுதி மங்கிவிட்டன. எஞ்சிய வண்ணத்தை ஒளியும் வெப்பமும் மேலும் வெளுக்கச் செய்யும் என்பதைப் பாதுகாப்புப் பணி செய்வோர் அறிவர்.

முதியோரின் குறையும் உண்டு. "இருட்டில் படி தெரியாமல் விழுந்தால் யார் தூக்குவது?" என்று ஒரு பெரியம்மா கேட்டார். முழங்கால் வலியோடு படியேறுபவர்க்கு அது நியாயமான அச்சம். பாம்பு கிடக்குமோ என்ற அச்சமும் பெண்மக்களுக்கு உண்டு. இவற்றைத் தள்ளிவிட்டு அறம் பேசுவது அறமாகாது. பாதுகாப்புக்கு வேண்டும் ஒளி வேறு, காட்சிக்கு வேண்டும் ஒளி வேறு என்று பிரித்துக்கொண்டால் இரண்டு தரப்பும் ஒரு பாயில் அமர்ந்து பேசலாம். படியின் விளிம்பு தெரிய முழங்கால் உயரத்துக்குக் கீழே, மேற்புறம் மூடி, தரையை மட்டும் நோக்கும் சிறு விளக்குகள் போதும். நீலம் கலந்த வெள்ளொளி பூச்சிகளை மிகுதியும் ஈர்க்கும். ஆம்பர் எனப்படும் தேன் நிறத்தொளி குறைவாக ஈர்க்கும். ஆகவே தேன் நிறமே கொள்க. ஆள் நடக்கும்போது எரிந்து, கடந்தபின் தானே அணையும் பொறி இன்று எளிதில் கிடைக்கிறது. திருவிழா நாளன்றி மற்றை நாள்களில் அவையும் வேண்டா. கையில் ஒரு டார்ச் விளக்கு போதும். குகைக்கும் கற்படுக்கைக்கும் பாறைத் திருவுருவங்களுக்கும் எவ்வகை விளக்கும் கூடாது. இதில் மட்டும் நாம் சிறிதும் விட்டுக்கொடுக்க மாட்டோம். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடமாயின், துறையின் இசைவின்றி ஓர் ஆணியும் அடிக்கலாகாது என்பதைக் குழுவினர் நினைவிற் கொள்க.

அரசுகளே இன்று இருளைக் காக்கத் தொடங்கியுள்ளன. லடாக்கில் ஹான்லே வான்நோக்கு நிலையத்தைச் சுற்றி 2022-ஆம் ஆண்டு இருள்வானக் காப்பகம் அறிவிக்கப்பட்டது. மகாராட்டிரத்துப் பெஞ்ச் புலிகள் காப்பகம் 2024-இல் இருள்வானப் பூங்கா என்ற உலக ஏற்பினைப் பெற்றது. சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடிப் பறவைகள் காப்பகத்தை அடுத்த கொள்ளுகுடிப்பட்டி மக்கள், பறவைகள் அஞ்சும் என்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அவர்கள் சிராவகர் அல்லர். அணுவிரதம் ஏற்றவரும் அல்லர்.

தீபாவளியைக் கூறினோம். அதன் பொருளையும் ஒருமுறை நினைவுகூர்வோம். 2550-ஆவது நிர்வாண ஆண்டினை அண்மையில்தான் கொண்டாடி முடித்தோம். பகவான் வர்த்தமானர் பாவாபுரியில் சதுர்த்தசி இரவின் இறுதியில், அமாவாசை விடியற்பொழுதில் வீடுபேறு எய்தினார். நிலவற்ற வானம், ஆண்டின் மிக இருண்ட இரவுகளுள் ஒன்று. அன்றே கௌதம கணதரர் கேவலஞானம் பெற்றார். 783-ஆம் ஆண்டு ஜினசேன ஆசாரியர் இயற்றிய அரிவம்ச புராணம், அந்நாளில் ஏற்றிய தீபங்களையும், அது முதல் மக்கள் ஆண்டுதோறும் தீபாலிகை கொண்டாடுவதையும் கூறுகிறது. ஞானச் சுடர் மறைந்தது என்பதை உணர்த்த ஏற்றிய சிறு சுடர் அது. இருள் சூழ்ந்திருப்பதால்தான் அச்சுடருக்குப் பொருள் உண்டு. கரும்பலகை முழுவதும் சுண்ணம் பூசிவிட்டு அதன்மேல் என்ன எழுத்தை எழுதிக் காட்ட முடியும்? அகல்விளக்கிற்கு இன்னொரு பண்பும் உண்டு. எண்ணெய் தீர்ந்தால் தானே அணையும். ஒளிக்கு ஓர் எல்லையை அதுவே வகுத்துக்கொள்கிறது.

ஆகவே அவ்வூர்க் குழுவினர்க்கும் இளைஞர்க்கும் நாம் கூறுவது ஒன்றுண்டு. முடிவெடுக்கும் முன், வரும் ஐப்பசி அமாவாசையன்று விடியலுக்கு இரண்டு நாழிகைக்கு மேல் இருக்கும்போதே, குடும்பத்துடன் மலையடிவாரத்தில் கூடுக. ஆளுக்கொரு விளக்கு வேண்டா. எல்லார்க்குமாக ஓர் அகல் போதும், அதனையும் கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்திடுக. பேச்சைக் குறைத்து, கண் இருளுக்குப் பழகும்வரை காத்திருக்க வேண்டும். அதற்கு அரைமணி நேரம் ஆகும். மழைமேகம் விலகியிருப்பின், கார்த்திகை மீன்கூட்டம் மேற்கே இறங்கியிருக்கும். உரோகிணி அதன்பின் செல்லும். திருவாதிரை உச்சி வானைச் சற்றே கடந்து நிற்கும். பிள்ளைகளுக்கு அவற்றைச் சுட்டிக் காட்டுக. நிர்வாண பூசைக்குரிய பொருள்களை அதுவரை மூடியே வைத்திருக்கலாம். கிழக்கு வெளுத்து, நான்கு முழத் தொலைவில் ஊரும் எறும்பு கண்ணுக்குத் தெரியும் வேளையில் படியேறத் தொடங்கலாம். முதியோர் முன்னே செல்லட்டும்; இளைஞர் கைகொடுத்துப் பின்னே வரட்டும். விளக்குகளைப் பற்றிய குழுக் கூட்டத்தை அன்று பிற்பகலில், பொழுது சாயும் முன் வைத்துக்கொள்ளலாம்.